ஓசிஐ அட்டை இருக்கிற பேரன் இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை ஆட முடியுமா?

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் அம்பாசமுத்திரம். மகன் நியூஜெர்சியில் குடியேறி அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அங்கேயே பிறந்த பேரனுக்கு இப்போது பதினான்கு வயது. அவன் வயதுப் பிரிவில் டென்னிஸ் நன்றாக ஆடுகிறான். கையில் அமெரிக்க பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருகிற ஓசிஐ அட்டையும் இருக்கின்றன. அமெரிக்காவில் பிறந்த பிரகாஷ் அமிர்தராஜ் ஆடவில்லையா, அதே மாதிரி இவனும் இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை, அதாவது நாடுகளுக்கிடையேயான ஆண்கள் அணிப் போட்டி, ஆடலாமா என்பது கேள்வி. கூடவே, "அங்கே கூட்டம் ஜாஸ்தி, இங்கே என்றால் சுலபமாக இடம் கிடைக்கும் என்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. விதி இடம் கொடுக்கிறதா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். டென்னிஸைப் பிழைப்பாக எடுக்கப்போகிற பையனுக்கு எந்த நாட்டின் பெயரில் ஆடுவது கட்டுப்படியாகும் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவன். அதற்கு முன்னால் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ரேங்கிங் போட்டிகளுக்கு ஊர் ஊராக ரயிலேறிப் போய் ஆடியவன். சட்டம் படித்தவன் இல்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளின் அப்பா அம்மா கேட்கிறார்களே என்று விதிப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். ஆகவே ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குடியுரிமையைப் பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். இன்றைய நிலையில் ஓசிஐ அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்தான் தேசிய அணியில் ஆடலாம் என்று 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு ஸ்குவாஷ் வீரர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அமைச்சகத்தின் முடிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. நீங்கள் சொல்லும் பிரகாஷின் ஆட்டமெல்லாம் இதற்கு முந்தைய கதை.

அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம், உங்கள் பேரனுக்கு மிக நெருக்கமான கதை அதுதான். பிரகாஷ் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2002-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை அந்த அணி வென்றபோது அதில் இருந்தவர். 2003 முதல் இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை ஆடினார். 2008 ஜூலையில் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய் ஃபாப்ரிஸ் சாந்தோரோவிடம் தோற்றார். அவருடைய அப்பா விஜய் பட்டம் வென்ற அதே போட்டி அது. பையன் ஏறுமுகத்தில் இருந்த அந்த வருஷக் கடைசியில் அமைச்சகத்தின் முடிவு வந்து விழுந்தது. சுனிதா ராவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அமெரிக்காவில் பிறந்த அந்தப் பெண் 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவோடு இரட்டையர் ஆடினார். நாலே மாதத்தில் கதவு அடைத்துக்கொண்டது. ஷிகா ஊபராய் என்ற வீராங்கனையும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டவர். இவர்கள் யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. இவர்கள் ஆட ஆரம்பித்தபோது இருந்த நிலைமை வேறு, பாதியில் வந்த நிலைமை வேறு.

இனி உறுதியில்லாதது. ஓசிஐ வீரர்களுக்குக் கதவைத் திறக்கலாம் என்ற பேச்சு பல வருஷமாக அடிபடுகிறது, முக்கியமாகக் கால்பந்துக்காரர்கள் மத்தியில். நாளைக்கே மாறலாம், உங்கள் பேரன் தலைமுறை முடியும்வரை மாறாமலும் இருக்கலாம். பேச்சை நம்பி ஒரு பையனின் அட்டவணையைப் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பாஸ்போர்ட்டையே மாற்றிவிட்டால்? வழி இருக்கிறது. ஓசிஐ அட்டை பதிவாகி ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம் என்று 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. சிறப்புக் காரணம் இருந்தால் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சம் முப்பது நாள்வரை அரசு தளர்த்தலாம். இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஆகவே அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தே ஆக வேண்டும். அது துறந்தால் துறந்ததுதான். தோற்றுவிட்டு வந்து திரும்பக் கேட்டால் கிடைக்காது.

இந்தப் பன்னிரண்டு மாத விஷயத்தில்தான் டென்னிஸும் சட்டமும் ஒத்துப்போகாத இடம் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இசுமி அராத்தா என்ற கால்பந்து வீரர், அம்மா ஜப்பானியர், அப்பா குஜராத்தி, ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து 2013-இல் இந்திய அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ் 2025-இல் அதே மாதிரி இந்தியக் குடியுரிமைக்கு மாறினார். இவர்களைக் காட்டித்தான் "அவர்களால் முடிந்ததே" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் புனேயிலும் பெங்களூருவிலும் கிளப் சம்பளம் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் இங்கேயே இருந்தவர்கள். அவர்கள் வேலையே இங்கே வசிப்பதுதான். டென்னிஸ்காரனுக்கு வேலை, வசிக்காமல் இருப்பது. ஒரு வாரம் துனிசியா, அடுத்த வாரம் எகிப்து, அதற்கடுத்து தாய்லாந்து என்று வருஷத்தில் முப்பது வாரமாவது வெளியே இருந்தால்தான் ரேங்கிங் நகரும். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை ஒருவன் ஆட்டம் கட்டி எழுப்பப்படுகிற வயது. அந்த நாலு வருஷத்தில் ஒன்றை ஒரே நாட்டில் உட்கார்ந்து கழிப்பது என்பது சின்ன விலை இல்லை. இங்கேயே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) சின்னப் போட்டிகள் நடக்கின்றன, அதற்கு அடுத்த படியான சாலஞ்சர் போட்டிகள் நடக்கின்றன, ஆடலாம்தான். ஆனால் அவற்றை மட்டும் வைத்து ஒரு வருஷத்தை நிரப்ப முடியாது.

பூர்வீக நாட்டுக்கு ஆடி நன்றாக வந்தவர்களைப் பார்த்தால், அவர்கள் நாட்டுச் சட்டம் அவர்களுக்கு வளைந்து கொடுத்திருக்கிறது. நவோமி ஒசாகா மூன்று வயதில் ஜப்பானைவிட்டு அமெரிக்கா போனவர். ஜப்பான் கொடியில் ஆடிக்கொண்டே இரண்டு குடியுரிமையும் வைத்திருந்தார். 22 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அந்நாட்டின் அப்போதைய சட்டப்படி 2019-இல்தான் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார். அதற்குள் 2018 அமெரிக்க ஓபனும் 2019 ஆஸ்திரேலிய ஓபனும் கையில் இருந்தன. வாஷிங்டனில் பிறந்த ட்ரீட் ஹ்யூயி தாய்வழியில் பிலிப்பைன்ஸுக்கு ஆடினார், 2016 விம்பிள்டன் இரட்டையரில் அரையிறுதி வரை போனார். பிலிப்பைன்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்கிற நாடு. நம் நாடு ஒப்புக்கொள்வதில்லை. சரியா தப்பா என்பது வேறு விவாதம்.

இன்னொரு உறுதியான விஷயம்: டேவிஸ் கோப்பையில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் பிறகு இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2015 முதல் விதியை இறுக்கிவிட்டது. அல்யாஷ் பெடெனே ஸ்லோவேனியாவுக்கு மூன்று முறை, அதுவும் முடிவு தெரிந்துவிட்ட பிறகு ஒப்புக்கு நடந்த ஆட்டங்களில் ஆடியிருந்தார். பிறகு பிரிட்டிஷ் குடிமகன் ஆனார், மேல்முறையீடு செய்தார், கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்லோவேனியாவுக்கே திரும்பிவிட்டார். அந்த மூன்று ஒப்புக்குச் சப்பாணி ஆட்டங்கள்தான் அவர் வழியை மறித்தன. பேரனுக்கு இப்போதைக்கு இந்த ஆபத்து இல்லை. அமெரிக்க அணி அவனைக் கூப்பிட்டால் அது நாம் கொண்டாட வேண்டிய ஆபத்து.

சரி, கொடி என்ன தரும்? டேவிஸ் கோப்பை வருஷத்தில் இரண்டு மூன்று வாரம். ஆசிய விளையாட்டும் ஒலிம்பிக்கும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை. மற்ற வாரங்களில் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கொடி இருந்தாலும் ஓட்டல் பில்லை அவன்தான் கட்ட வேண்டும். கொடியால் கிடைப்பது எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. சொந்த நாட்டில் நடக்கும் போட்டிகளில் வைல்டு கார்டு, அதாவது ரேங்கிங் போதாவிட்டாலும் நடத்துகிறவர்கள் தரும் நேரடி இடம், கிடைக்கும். 2009-இல் சென்னை ஓபனில் வைல்டு கார்டில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி ஆட்டம் வரை போனார். மறு வருஷம் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்கு ஆடியதால் திறந்த வாசல்கள் அவை. ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கினால் அரசு வேலை, பரிசுத்தொகை என்று வாழ்க்கைக்கே ஒரு பிடிப்பு வரும். அமெரிக்கக் கொடியில் அந்த வழி கிடையாது.

மறுபக்கத்தில் விசா. இதை யாரும் பத்திரிகையில் பெரிதாக எழுதுவதில்லை, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவலியே இதுதான். சின்னப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கெடு, போட்டி தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோதுதான் முடியும். பட்டியலில் இடம் கிடைத்ததா என்று தெரிவது அதற்கப்புறம். இந்திய பாஸ்போர்ட்டோடு ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா வாங்க நேரம் கேட்டால் அதைவிடத் தள்ளித்தான் தேதி தருவார்கள். 2025 நவம்பரில் நம் நாட்டின் முதல்நிலை ஒற்றையர் வீரரான சுமித் நாகலுக்கே சீன விசா மறுக்கப்பட்டு, சமூக ஊடகத்தில் கேட்டுத்தான் காரியம் நடந்தது. ரேங்கிங்கில் எண்ணூறாவது இடத்தில் இருக்கிற பையன் கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறவன் இந்த வாரம் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அடுத்த நாட்டுக்குப் போய்விடுவான். அந்தச் சௌகரியத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இந்தியக் கொடியை வாங்குகிறோம் என்பது தெரிந்தே செய்ய வேண்டிய காரியம்.

பணம் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். தொழில்முறை டென்னிஸின் முதல் படி 15,000 டாலர் போட்டி. கேட்கப் பெரிய தொகை. அது மொத்தப் பரிசு. ஜெயிக்கிறவனுக்கு 2,160 டாலர். ஒற்றையர் முதல் சுற்றில் தோற்கிறவனுக்கு 156 டாலர், நம் கணக்கில் பதிமூணு பதினாலாயிரம் ரூபாய். விமான டிக்கெட், ஓட்டல், மட்டைக்கு ஸ்டிரிங் மாற்றுகிற செலவு எல்லாம் அவன் பாடு. 2023-இல் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் இந்தியாவின் நம்பர் ஒன். நாலு மாதம் கழித்து 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முப்பத்தொன்றாம் சீட் (போட்டி நடத்துகிறவர்கள் முன்னணி வீரர்களுக்குத் தரும் வரிசை எண்) பெற்றிருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை வென்றார்; 1989-இல் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் சீட் பெற்ற ஒருவரை வென்ற முதல் இந்தியர் அவர்தான். நடுவில் பலர் காணாமல் போய்விடுகிறார்கள், நமக்குப் பெயர்கூடத் தெரியாது.

"இங்கே சுலபமாக இடம் கிடைக்கும்" என்பதற்கு வருகிறேன். பாதி உண்மை. அமெரிக்க ஒற்றையர் அணிக்குள் நுழைய உலகின் முதல் இருபதுக்குள் இருக்க வேண்டிவரும். இந்திய அணிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அணிக்குள் வந்தபின் எதிரே நிற்கிறவன் அதே ஆள்தான். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் பீல் நகரத்தில் நடந்த ஆட்டத்தில், ரேங்கிங்கில் அறுநூறுக்கும் கீழே இருந்த நம் மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ், நூற்றைம்பது சொச்சத்தில் இருந்த ஜெரோம் கிம்மை முதல் ஆட்டத்திலேயே வீழ்த்தினார். இந்தியா 3-1 என்று ஜெயித்தது. 1993-க்குப் பிறகு ஐரோப்பிய மண்ணில் முதல் வெற்றி. அந்தப் பையன் எங்கே தயாரானார் என்று பாருங்கள்: அமெரிக்காவில், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில். சோம்தேவும் அப்படித்தான், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வாங்கியவர். இங்கிருந்து பிள்ளைகள் விசாவுக்கு அலைந்து, உதவித்தொகைக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த வாசலில் போய் நிற்கிறார்களோ அந்த வாசலில்தான் உங்கள் பேரன் பிறந்திருக்கிறான். அவனை அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவர வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

நீங்கள் நேராக எழுதவில்லை, ஆனால் ஒரு வருஷம் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு இங்கேயே பயிற்சி கொடுக்கலாமா என்ற ஆசை கேள்வியில் தெரிகிறது. சொந்தத் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் ஆட்டம் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, அடித்து ஆட இணையான பையன்கள் போதாது. பதினைந்து வயதுக்குமேல் ஒருவனை வளர்ப்பது பயிற்சியாளர் இல்லை, தினமும் எதிரே நிற்கிற நாலு பேர்.  இன்றைக்கும் இங்கே நன்றாக ஆடுகிற பிள்ளையைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ நானே அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் லீவுக்கு வந்தால் ஆடச் சொல்லுங்கள். அமெரிக்கப் பள்ளி விடுமுறையும் நம் ஆடிக் காற்றும் ஒன்றாக வரும். போன ஆடியில் தாத்தா வீட்டுக்கு வந்த ஒரு பையனை ஒருவர் என்னிடம் கூட்டிவந்தார். சிமெண்ட் தரையில் வளர்ந்த பிள்ளை, சர்வ் குண்டு மாதிரி வரும் என்றார்கள். எங்கள் மண் தரையில் சாயங்காலம் தண்ணீர் தெளித்து உருளை போட்டு, சுண்ணாம்புக் கோடு காய்வதற்குள் ஆரம்பித்தோம். பையன் பந்தைத் தலைக்குமேல் எட்டும் உயரத்துக்குத் தூக்கிப் போட்டான். மேற்கிலிருந்து வந்த காற்று அதை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. இரண்டாவது தடவையும் அதே. எதிரே என் பையன், அவனைவிட ஒரு வயது சின்னவன், முகத்துக்குக் கொஞ்சம் மேலேதான் பந்தைப் போட்டுச் சீவி அனுப்பிக்கொண்டிருந்தான், பந்து காற்றில் வளைந்து கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. முதல் நாள் அமெரிக்கப் பையன் 6-1 தோற்றான். நான் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடுகிற டாஸைப் பாதி உயரத்துக்கு இறக்கி, ஒரு காலடி உள்ளே வைத்து அடித்தான். அன்றைக்கு 7-5. பதினான்கு வயதில் நான் பார்ப்பது இதைத்தான்: நிலைமை மாறினால் தானே மாற்றிக்கொள்கிறானா, இல்லை அப்பா முகத்தைப் பார்க்கிறானா. அடியின் வேகம் பின்னால் வரும். உங்கள் பேரனிடம் இது இருக்கிறதா என்று வீடியோவில் தெரியாது, நேரில் பார்க்காமல் நான் சொல்லவும் மாட்டேன்.

ஆகவே என் யோசனை இப்படி. பதினெட்டு வரை கொடியைப் பற்றி வீட்டில் பேச்சே வேண்டாம். அங்கேயே ஜூனியர் ஆட்டம், பிறகு கல்லூரி. கல்லூரி முடிக்கும்போது ஐந்நூறுக்குள் ரேங்கிங் இருந்தால் அப்போது இந்தியா என்ற கேள்விக்கு அர்த்தம் வரும். இல்லாவிட்டால் பட்டமும் கையுமாக வெளியே வருவான், நஷ்டமில்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியவனும் அவன்தான். பாஸ்போர்ட் அவனுடையது, துறந்தபின் குடியேற்ற வரிசையில் நிற்கப்போவதும் அவன். ராஜீவ் ராமின் அப்பா அம்மா பெங்களூருக்காரர்கள். அவர் அமெரிக்காவுக்கு ஆடி 2016-இலும் 2024-இலும் ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். பெங்களூரில் யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஓசிஐ பதிவான தேதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஐந்து வருஷக் கணக்குக்கு அதுதான் ஆதாரம். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பழைய அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். "டெல்லியில் ஆள் இருக்கிறது, அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். தகுதி பற்றி எப்போது சந்தேகம் வந்தாலும் அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தந்த வருஷத்து டேவிஸ் கோப்பை விதிகளை முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள், பாஸ்போர்ட் தவிரவும் நிபந்தனைகள் அதில் இருக்கும். ஓசிஐ அட்டையில் விவசாய நிலம் வாங்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அம்பாசமுத்திரத்து வயல் பற்றி யோசனை இருந்தால், குடியுரிமை விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போகும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.